சுரைக் கொழுந்தும் சாளையும்: பலேர்மோ சந்தையில் வாங்கிச் சமைத்த மதியச் சாப்பாடு

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலேர்மோவில் இறங்கிய இரண்டாம் நாள் காலையில், பல்லாரோ சந்தையில் ஒரு காய்கறிக் கடைக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டார். கட்டுக் கட்டாகப் பச்சைக் கொடி குவித்து வைத்திருந்தார்கள். நான் ஏதோ கீரை என்று தாண்டிப் போய்விட்டேன். பின்னால் இருந்து அம்மாவின் குரல் கேட்டது.

“மக்ளே, இது நம்ம சுரைக்கா கொடியில்லா!”

திரும்பி வந்து பார்த்தேன். சுரைக்கொடியேதான். நுனித் தண்டு, இளம் இலை, பற்றிப் படரும் சுருள், நடுநடுவே வெள்ளை மொட்டு. பக்கத்திலேயே வெளிர்பச்சையில் ஒரு ஆள் கை நீளத்துக்கும் மேலாக ஒல்லியான சுரைக்காய்கள் சாய்த்து வைத்திருந்தன. காய்க்கு அங்கே குகுத்ஸா என்று பெயர், கொழுந்துக்குத் தெனெரூமி. சிசிலிக்காரர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெயில் கொளுத்துகிற மாதங்களில், இந்தக் கொழுந்தைத் தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்து, அதிலேயே ஸ்பகெட்டியை உடைத்துப் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நாகர்கோவிலில் எங்கள் கொல்லையில் சுரைக்கொடி படர்ந்திருந்த காலத்தில் காயைப் பறித்தோமே தவிர, நுனியைக் கிள்ளிச் சமைத்ததே இல்லை. அதைக் கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

வெளியூர் போன இடத்தில் எப்படிச் சமைப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். சந்தையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாம்பார் வைக்க வேண்டும் என்று கிளம்பினால் நாள் முழுக்கத் துவரம்பருப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கிடைத்ததும் அரைகுறைச் சாம்பாராக இருக்கும். அந்த ஊரில் அன்று மலிந்து கிடப்பது எது, அதை அவர்கள் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கேட்டு அப்படியே செய்தால், நான்கு பாத்திரமும் ஒரு அடுப்பும் போதும். நாங்கள் நான்கு பேர் ஒன்பது நாள் இருந்தோம். அதில் ஐந்து மதியம் வீட்டில் சமைத்தோம். அந்த ஐந்தில் நன்றாக அமைந்த ஒரு சாப்பாட்டை முழுதாகச் சொல்கிறேன்.

பெட்டியில் என்ன எடுக்கலாம்

கொஞ்சமாக எடுங்கள். நான் கொண்டுபோனது மிளகு, சீரகம், மிளகாய்த்தூள், கொஞ்சம் புளி, ஒரு சின்னக் காய் நறுக்கும் கத்தி. கத்தி செக்-இன் பெட்டியில் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள். வெளியே இருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை, ஆகவே நெய்ப் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பச்சைக் காய், பழம், இலை எதுவானாலும் பயிர் நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் தேங்காயைச் சுமந்துகொண்டு சிசிலிக்குப் போகத் தேவையில்லை.

வாடகை வீட்டுக் கத்தி எந்த ஊரிலும் மழுங்கித்தான் இருக்கும். சொந்தக் கத்தி எடுக்காவிட்டால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத, சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை இழுத்தால் தக்காளி நறுக்குகிற அளவுக்குக் கூர் வந்துவிடும்.

அம்மாவுக்குச் சோறு இல்லாமல் ஆகாது. அதற்கும் அரிசியைச் சுமக்க வேண்டாம். இத்தாலியில் சூப்பர் மார்க்கெட்டில் ‘பார்பாயில்ட்’ என்று போட்ட அரிசிப் பாக்கெட் இருக்கும். அது புழுங்கல் அரிசிதான். ஆர்போரியோ, கார்னரோலி என்று இருப்பதை எடுத்தால் ரிசோத்தோ மாதிரிக் குழைந்துவிடும். புழுங்கலைத் தாராளமாகத் தண்ணீர் வைத்து வேகவிட்டு, பாஸ்தா வடிக்கிற கண்கூடையில் வடித்துவிடுங்கள். அந்தக் கண்கூடை இல்லாத வீட்டை நான் இத்தாலியில் பார்க்கவில்லை.

சந்தையில் நடந்துகொள்ளும் விதம்

பலேர்மோவில் பல்லாரோ, காப்போ, வுச்சிரியா என்று பழைய சந்தைகள் உண்டு. வுச்சிரியா இப்போது பெரும்பாலும் ராத்திரிக் கூட்டத்துக்கான இடமாகிவிட்டது. சமைக்க வாங்குவதென்றால் பல்லாரோ, அல்லது காப்போ. பல்லாரோவுக்கு அடையாளம், கார்மினே மஜ்ஜோரே தேவாலயத்தின் வண்ண ஓடு பதித்த கும்மட்டம். அதன் கீழே கூடாரத் துணி கட்டிய கடைகள் தெருத்தெருவாக நீளும். கடைக்காரர்கள் ராகம் போட்டுக் கூவுவார்கள். அந்தக் கூவலுக்கு அங்கே அப்பன்னியாத்தா என்று தனிப் பெயரே உண்டு. வடசேரி சந்தையில் வளர்ந்த எனக்கு ஒரு வார்த்தையும் புரியாமலே எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். மதியம் ஆக ஆக வெயிலில் கீரை துவண்டுவிடும், மீன் ஐஸும் உருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் படகு குறைவு என்பதால் திங்களன்று மீன் வாங்குவதை நான் தவிர்த்தேன்.

முதலில் எதுவும் வாங்காமல் ஒருமுறை முழுக்க நடந்துவிட்டு வாருங்கள். எந்தக் கடையில் அந்த ஊர்ப் பாட்டிகள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் பையில் என்ன போகிறது என்று பாருங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே பொருளை வாங்கினால் அதுதான் அன்றைய சமையல். எங்களுக்கு அன்றைக்கு அது தெனெரூமியும் சாளையும்.

காய்கறியைக் கையால் தொடாதீர்கள். நம் ஊரில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவோம். இத்தாலியில் கடைக்காரர்தான் எடுத்துக் கொடுப்பார். அம்மா இலையைத் தடவிப் பார்த்ததும் அந்தக் கடைக்காரர் விரலை ஆட்டி ‘வேண்டாம்’ என்றார். கோபமாக இல்லை, ஆனால் தெளிவாக. வேண்டியதைச் சுட்டிக்காட்டினால் போதும். சூப்பர் மார்க்கெட்டிலும் பிளாஸ்டிக் கையுறை மாட்டித்தான் காயை எடுக்க வேண்டும். பல கடைகளில் நாமே தராசில் வைத்து, அந்தக் காயின் எண்ணை அழுத்தி, வரும் சீட்டைப் பையில் ஒட்ட வேண்டும்.

அளவுக்கு மூன்று சொல் தெரிந்தால் சமாளிக்கலாம். ‘மெத்ஸோ கீலோ’ என்றால் அரைக் கிலோ. ‘ஊன் எத்தோ’ என்றால் 100 கிராம். சீஸ், ஆலிவ், நெத்திலி எல்லாம் எத்தோ கணக்கில்தான். ‘ஊன் மாத்ஸோ’ என்றால் ஒரு கட்டு. விலைப் பலகையில் போட்டிருப்பது கிலோவுக்கா எத்தோவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘கோமே ஸீ குச்சீனா?’ இதை எப்படிச் சமைப்பது என்று அர்த்தம். ஒன்பது நாளில் நான் ஐம்பது தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பதில் முழுவதும் கையால் வரும். நறுக்குவது, உடைப்பது, கிண்டுவது, உப்புப் போடுவது எல்லாவற்றையும் கை சொல்லிவிடும். வரிசையில் நிற்கிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். தெனெரூமிக்குப் பூண்டா வெங்காயமா என்று எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் வாதாடவே ஆரம்பித்துவிட்டார்கள். நான் பூண்டுப் பக்கம் சேர்ந்தேன்.

எங்களுக்கு முன்னால் நின்று நான்கு கட்டு தெனெரூமி வாங்கியவர் ஒரு வங்கதேசப் பெண். அவர்கள் ஊரில் சுரைக் கொழுந்து அன்றாடக் கீரை, லாவு ஷாக் என்பார்கள். பல்லாரோவைச் சுற்றி வங்கதேசத்தவர் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். ஈழத் தமிழர்களும் பலேர்மோவில் பல வருடங்களாக இருக்கிறார்கள். நகரத்தை ஒட்டிய பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கும் சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்கு, இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல், கால்நடையாக ஏறிப் போவார்கள். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் கொழுந்துக் கட்டைக் காட்டினேன்.

“சுரைக் கொழுந்துதான் தங்கச்சி. முத்தின தண்டை எறிஞ்சு போடுங்கோ, இல்லாட்டி நார் நாராக் கிடக்கும். நல்லா நாலு தண்ணியிலை அலசுங்கோ. தண்ணி நிறைய விட்டுக் காய்ச்சினால்தான் ருசி.”

அவர் சொன்ன மூன்றுமே சரியாக இருந்தது.

வாங்கியது

நான்கு பேருக்கு: தெனெரூமி இரண்டு பெரிய கட்டு, நன்றாகப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, பூண்டு, துளசி மாதிரி இருக்கும் பசிலிக்கோ ஒரு கட்டு, எலுமிச்சை மூன்று, சிவப்பு வெங்காயம் இரண்டு, காச்சோகவால்லோ என்ற கெட்டிச் சீஸ் ஒரு எத்தோ. உப்பில் போட்ட கேப்பர் மொட்டு அரை எத்தோ, உப்பு நெத்திலி நான்கு. பாஸொலீனாவும் பினோலியும் சேர்த்துப் போட்ட ஒரு சின்னப் பொட்டலம். முதலாவது குட்டி உலர்திராட்சை, இரண்டாவது பைன் கொட்டை. பலேர்மோவில் இந்த இரண்டையும் ஒரே பொட்டலத்தில் விற்கிறார்கள், பிரித்து வாங்கத் தேவையில்லை. பிறகு பான்கிரத்தாத்தோ என்கிற ரொட்டித்தூள், பே இலை, எள் தூவிய ரொட்டி ஒன்று.

பே இலையைப் பிரிஞ்சி இலை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், லேசாகப் பட்டை வாசம் வரும். அங்கே கிடைப்பதில் நடுவே ஒரே நரம்பு, வாசமும் வேறு.

வேகவைத்த உருளைக்கிழங்கையும் சந்தையிலேயே வாங்கிவிட்டேன். பல்லாரோவில் பெரிய அண்டாவில் உருளையும் பீன்ஸும் அவித்து ஆவி பறக்க விற்கிறார்கள். வெங்காயத்தை முழுதாகத் தோலோடு அடுப்பில் சுட்டும் வைத்திருப்பார்கள். வெயிலில் அரைமணி நேரம் கூடுதலாக அடுப்பு எரிய வேண்டாம் என்றால் இதை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

மீனைக் கடைசியாக வாங்க வேண்டும். ஆனால் முதல் சுற்றிலேயே பார்த்து வைத்துவிட வேண்டும். அங்கே மீன்கடையில் கண்ணில் படுவது வாள்மீன் தலைதான். வாள் வானத்தைப் பார்க்கும்படி ஐஸ்மேல் நிறுத்தி வைத்திருப்பார்கள். அதையெல்லாம் பார்த்து ரசித்துவிட்டு சாளையிடம் வாருங்கள். எங்கள் பக்கம் சாளை என்போம், சென்னைப் பக்கம் மத்தி. மத்தியதரைக்கடல் சாளை வேறு இனம். நம் சாளையை விட மெலிவாகத் தெரியும். புதுசா பழசா என்று பார்ப்பது மட்டும் ஒன்றுதான். கண் குழியாமல் தெளிவாக இருக்க வேண்டும். முதுகு நீலமாக மின்ன வேண்டும். முக்கியமாக வயிறு உடையாமல் இருக்க வேண்டும். சாளை கெட ஆரம்பித்தால் முதலில் போவது வயிறுதான். 700 கிராம் வாங்கினேன், இருபத்து நாலு மீன் இருந்தது.

முந்தின நாள் ராத்திரியே ஒரு தண்ணீர்ப் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். முக்கால் பாகம் மட்டும் தண்ணீர் ஊற்றி வையுங்கள், உறைந்தால் விரியும். காலையில் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனால், மீன் பொட்டலத்தை அதன்மேல் சாய்த்து வைத்து, வெயிலில் இருபது நிமிடம் கவலையில்லாமல் நடந்து வரலாம்.

மீனைச் சுத்தம் செய்து தரச் சொல்லலாம், ‘மே லே புலீஷே?’ என்று கேட்டால் போதும். எனக்குச் சாளை ஆய்வது கைவந்த வேலை என்பதால் நானே செய்தேன்.

சாளை ஆய்தல்

நாம் சாளையைக் குழம்புக்கு ஆயும்போது செதில் எடுத்து, தலை வெட்டி, குடல் இழுத்து, முள்ளோடு விட்டுவிடுவோம். பலேர்மோ சமையலுக்கு நடுமுள்ளை எடுத்து, புத்தகம் திறந்த மாதிரி விரிக்க வேண்டும். கத்தியே வேண்டாம், பெருவிரல் போதும்.

குழாயைச் சன்னமாகத் திறந்து வைத்துக்கொண்டு, வாலிலிருந்து தலைப் பக்கமாக விரலால் தேய்த்தால் செதில் உதிர்ந்துவிடும். செவுளுக்குப் பின்னால் பிடித்துத் தலையை வயிற்றுப் பக்கமாக ஒடித்து இழுங்கள், குடலும் கூடவே வந்துவிடும். பிறகு பெருவிரல் நகத்தை வயிற்றுக்குள் விட்டு, வால்வரை மெல்லக் கீறிக்கொண்டே போங்கள். சதை இரண்டு பக்கமும் விரியும், நடுமுள் வெளியே தெரியும். தலைப் பக்கம் முள்ளின் நுனியை நெம்பிப் பிடித்து வால் பக்கமாக உரித்தால் சீப்பு மாதிரி முழுதாக வரும். வாலுக்கு முன்னால் ஒடித்துவிடுங்கள். வால் மீனோடு இருக்க வேண்டும், முதுகுத்தோலும் கிழியக் கூடாது. முதல் இரண்டு மூன்று மீன் கிழியும். பரவாயில்லை, அவற்றை உள்ளே வைத்துச் சுருட்டலாம். அதிக நேரம் தண்ணீரில் ஊறவிடாதீர்கள். ஒரு அலசு அலசி, துணியில் தோல் மேலே வரும்படி பரப்பிவிடுங்கள்.

இந்த உணவுக்கு சார்தே அ பெக்காஃபீகோ என்று பெயர். பெக்காஃபீகோ என்பது அத்திப்பழம் கொத்தித் தின்னும் ஒரு சின்னப் பறவை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டில் அந்தப் பறவையைச் சமைப்பார்கள். அது கிட்டாத சனங்கள் சாளையைச் சுருட்டி, வாலை மேலே தூக்கி நிறுத்தி, அதே சாயலில் செய்துகொண்டார்கள்.

வாணலியில் இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, நெத்திலியைக் கழுவிப் போட்டு மெல்லிய தீயில் கரையவிடுங்கள். ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும். அதில் 120 கிராம் ரொட்டித்தூளைக் கொட்டிப் பொன்னிறமாக வறுங்கள். ரவை வறுக்கிற அதே பக்குவம், அதே கவனம். கண்ணை எடுத்தால் கருகும். இறக்கி, உலர்திராட்சை, பைன் கொட்டை, பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, ஒரு சிட்டிகைச் சர்க்கரை, மிளகுத்தூள், ஒரு எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசிறுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உதிராக இருந்தால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். குளிர்காலத்தில் எலுமிச்சைக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு விடுவார்கள். உப்புப் போடும் முன் சுவைத்துப் பாருங்கள், நெத்திலியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

மீனோடு திராட்சையா என்று மகள் தயங்கினாள். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை பலேர்மோ அரபியர் ஆட்சியில் இருந்த ஊர். கரும்பும் எலுமிச்சையும் கத்தரிக்காயும் அவர்களோடு வந்தவை. இனிப்பும் புளிப்பும் உப்பும் ஒரே வாயில் சேர்வது அங்கே அந்நியமில்லை. மாங்காய்ப் பச்சடி சாப்பிடுகிற நமக்கும் அது அந்நியமாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு மீனிலும் ஒரு ஸ்பூன் பூரணம் வைத்து, தலைப்பக்கத்திலிருந்து வாலை நோக்கிச் சுருட்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் நெருக்கி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பே இலை செருகுங்கள். நெருக்கம்தான் அவிழாமல் பிடிக்கும், குச்சி தேவையில்லை. மீதிப் பூரணத்தை மேலே தூவி, எண்ணெய் சொட்டவிட்டு, 180 டிகிரி ஓவனில் இருபது நிமிடம்.

வீட்டில் ஓவன் இல்லையா? விரித்த சாளையை வினிகரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, மாவில் புரட்டிப் பொரித்துவிடுங்கள். பலேர்மோவிலேயே அதற்குச் சார்தே அல்லிங்வாத்தே என்று பெயர். நாக்குமீனைப் போலத் தட்டையாகச் செய்தது என்று அர்த்தம்.

கொழுந்து பாஸ்தா

இதில் வேலை முழுவதும் ஆய்வதில்தான். அம்மா மேஜையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆய்ந்தார். நுனிக் கொழுந்து, இளம் இலை, மெல்லிய சுருள், மொட்டு இவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். தண்டை விரலால் வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் வைத்துக்கொள்ளலாம், நார் இழுத்தால் எறிந்துவிடலாம். முருங்கைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாதிரிதான். இலையில் பூனைமுடி மாதிரிச் சுணை இருக்கும், வெந்ததும் தெரியாது. ஆனால் மண் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் மாற்றி மாற்றி நான்கு முறை அலசினோம். மூன்றாவது தண்ணீரிலும் அடியில் மணல் இருந்தது.

இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு ஸ்பூன் கல்லுப்பு போட்டு, நறுக்கிய கொழுந்தைக் கொட்டுங்கள். பதினைந்து நிமிடம் மூடாமல் வேகட்டும். மூடினால் நிறம் மங்கிவிடும்.

அது வேகும்போதே இன்னொரு அடுப்பில் தக்காளி. அரைக் கிலோ தக்காளியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்துத் தோல் உரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். நாலு கரண்டி ஆலிவ் எண்ணெயில் மூன்று பல் பூண்டைத் தட்டிப் போட்டு, நிறம் மாறும் முன்பே தக்காளியைச் சேர்த்து, பத்து நிமிடம் கொதித்ததும் பசிலிக்கோ இலையைக் கிள்ளிப் போட்டு இறக்குங்கள். இதைப் பிக்கி பாக்யூ என்கிறார்கள். இங்கேதான் என் கை மிளகாய்த்தூளை நோக்கிப் போனது. போடாமல் நிறுத்திக்கொண்டேன். அந்தக் கொழுந்துக்கு லேசான ஒரு இனிப்பு உண்டு. காரம் அதை மூடிவிடும். அம்மா தன் தட்டில் மட்டும் கொஞ்சம் மிளகு பொடித்துப் போட்டுக்கொண்டார்.

250 கிராம் ஸ்பகெட்டியை உடைக்க வேண்டும். கையால் ஒடித்தால் அடுக்களை முழுக்கத் தெறிக்கும். ஒரு துண்டில் ஸ்பகெட்டியை வைத்து நீளமாகச் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, மேஜை விளிம்பில் அழுத்திக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். விரல்கடை நீளத்துக்கு ஒடியும். துண்டைப் பானைக்கு மேல் பிடித்து ஒரு முனையை விட்டால் எல்லாம் உள்ளே விழும். கீரை வெந்த அதே தண்ணீரில் போட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு ஒரு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். தக்காளியைக் கொட்டிக் கிளறி, மூடி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். வடிக்கக் கூடாது. இது ரசத்துக்கும் கூட்டுக்கும் நடுவில், கரண்டியால் எடுத்துச் சாப்பிடுகிற பக்குவத்தில் இருக்க வேண்டும்.

தட்டில் ஊற்றியதும் காச்சோகவால்லோவைச் சின்னத் துண்டுகளாகப் போட்டு, பச்சை ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று. வெளியே 33 டிகிரி வெயில். அந்த வெயிலில் சூடான சூப்பா என்று முதலில் நினைத்தேன். ஆனால் இதை அவர்கள் சூடாகச் சாப்பிடுவதில்லை, கை பொறுக்கிற வெதுவெதுப்பில்தான். அம்மா பாஸ்தா போடும் முன்பே இரண்டு கரண்டி கீரைச்சாறைத் தனியாக எடுத்து, தக்காளி கலந்து, புழுங்கல் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். அன்றைக்கு அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு சாலட்

சீக்கிரம் முடிகிற வேலை. பாண்டெல்லேரியா தீவில் செய்யும் சாலட் இது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னத் தீவின் கேப்பர் பேர் போனது. அவித்த உருளை, மீதித் தக்காளி, மெல்லியதாக அரிந்த சிவப்பு வெங்காயம், கேப்பர், கையால் நொறுக்கிய காய்ந்த ஒரிகானோ, எண்ணெய், கொஞ்சம் வினிகர். அவ்வளவுதான்.

கேப்பர் விஷயத்தில் மட்டும் கவனம். முதல் நாள் சாயங்காலம் அதை உப்போடு அப்படியே தக்காளியில் கொட்டிவிட்டேன். சட்டியோடு வீணாயிற்று, அன்று ரொட்டியும் சீஸும்தான் சாப்பிட்டோம். உப்பைத் தட்டிவிட்டு, தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, பிழிந்து ஒன்றைக் கடித்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

வேலையின் வரிசை இப்படி வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும்: வீட்டுக்கு வந்ததும் மீன் ஃப்ரிட்ஜுக்குள், கேப்பர் தண்ணீருக்குள். ஒருவர் கொழுந்து ஆய உட்காரட்டும், ஒருவர் மீன். மீனைச் சுருட்டித் தட்டில் அடுக்கிய பிறகு கீரைத் தண்ணீரை அடுப்பில் ஏற்றுங்கள். கீரை வெந்ததும் மீனை ஓவனுக்குள் தள்ளி, ஸ்பகெட்டியைப் போடுங்கள். பாஸ்தா ஆறுகிற பத்து நிமிடத்தில் சாலட் கலந்துவிடலாம். மகள் மேஜை போட்டாள், கணவர் ரொட்டி நறுக்கினார், ஒன்றேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.

கடைசியாக மீன் கழிவு. அந்த வெயிலில் தலையையும் முள்ளையும் குப்பைக்கூடையில் போட்டால் சாயங்காலத்துக்குள் வீடு நாறிவிடும். இத்தாலியில் பல இடங்களில் எந்தக் குப்பையை எந்த நாள் வெளியே வைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு; வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்வரை கழிவை இரண்டு பையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

சாளைச் சுருளில் எட்டு மிச்சம் இருந்தது. எட்டையும் வேண்டுமென்றேதான் மிச்சம் வைத்தேன், மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் செஃபலூ என்ற கடற்கரை ஊருக்கு ரயில் ஏறும் முன் எள் ரொட்டியைப் பிளந்து ஆளுக்கு இரண்டாக உள்ளே வைத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டோம். எலுமிச்சையும் பே இலையும் நன்றாக இறங்கியிருந்தன. கடற்கரைக்குப் போய்ச் சாப்பிடுவதாகத்தான் திட்டம், ரயில் பலேர்மோவைத் தாண்டும் முன்பே மகள் தன் பங்கைப் பிரித்துவிட்டாள்.